நாலாம் கட்டத்துத் தலைவர்

எங்கள் பர்மா ராஜாவை மாண்டலேயில் மாட்டு வண்டியில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு, மகாராணியாரின் பேரரசு எங்கள் நம்போக் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வந்தோம், உட்கார்ந்தோம் என்று இருக்கும் பழக்கம் பேரரசுகளுக்குக் கிடையாது. நம்போக்குக்கு வடக்கே மலை. மலைக்கு அப்பால் சீனா. நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது எனப் பேரரசு கருதியது. நடுவில் குடியிருந்த கச்சின் மக்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் 'யாரும்' என்ற சொல்லில் அடங்கமாட்டார்கள்.

அரசாங்க வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. வெள்ளையாக ஓர் இடம் இருந்தால் மேலதிகாரிகளுக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே எங்கள் எல்லை அலுவலகத்தில் உளவுப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். ஒரு மேசை, பூட்டு விழாத ஓர் இரும்புப் பெட்டி, பதிவேட்டு எழுத்தராகிய நான். இதுதான் பிரிவு. இதற்குத் தலைவர் வெண்டோவர் துரை.

துரைக்கு இருபத்தாறு வயது. மெலிந்த உடம்பு, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. நல்ல மனிதர். நாயைக்கூட அதட்டமாட்டார். கிரேக்கம் படித்தவர் என்று சொன்னார்கள். எங்கள் மலையில் கிரேக்கர்கள் இல்லாதது அவருடைய துரதிர்ஷ்டம்.

பிரிவின் கண்ணும் காதும் மொழிபெயர்ப்பாளன் கோ லூ பே. அப்பா கோவேறு கழுதை ஓட்டிய ஷான் இனத்துக்காரர், அம்மா கச்சின் பெண். நாலு மொழி தெரியும், நாலிலும் குறைவாகத்தான் பேசுவான். உப்பு வியாபாரி வேஷத்தில் மலைக்குப் போய்த் தகவல் கொண்டுவருவது அவன் வேலை. அவன் அலுவலகத்து ஆள் என்பது மலை முழுக்கத் தெரியும். மற்ற வியாபாரிகள் உப்பில் மண் கலப்பார்கள்; இவன் கலப்பதில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து புதிய படிவம் வந்தது. மலையூர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம். முதலில் லவாங் என்ற ஊருக்குப் படிவம் நிரப்பத் துரை முடிவு செய்தார். லூ பே உப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான், ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். வீடு நாற்பத்து மூன்று. துப்பாக்கி அறுபத்தொன்று, அதில் சுடக்கூடியது இருபது. ஊற்று மூன்று. எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னான், நான் எழுதினேன். நாலாம் கட்டம் வந்தது.

"தலைவர் பேர்?" என்றார் துரை.

"தலைவர் இல்லீங்க துரை."

"வெளியூர் போயிருக்கானா?"

"இல்லீங்க. அப்படி ஒருத்தரே அங்க கிடையாது."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். லூ பே தன் வழக்கத்தை மீறிக் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னான். முப்பது வருஷத்துக்கு முன்னால் லவாங்கில் ஒரு தலைவர் இருந்தார். ஊரில் எந்த மிருகத்தை வெட்டினாலும் பின்னந்தொடை ஒன்று அவருக்கு. எல்லோரும் அவர் வயலில் வேலை செய்துவிட்டுத்தான் தங்கள் வயலுக்குப் போகவேண்டும். ஓர் அறுவடையின்போது ஊரார் கூடி அவரைக் கல்லெறிந்து விரட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் வேறு ஒருவரை வைக்கவில்லை. ஏதாவது வில்லங்கம் என்றால் வீட்டுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். முடிவு பிடிக்காதவன் எழுந்து போய் அரிசிக் கள் குடிப்பான்.

துரை நாகரிகமாகக் கேட்டார்: "சரி, உட்கார்றாங்க. நடுவுல உட்கார்றது யாரு?"

"நடுவுல அடுப்பு இருக்குங்க."

படிவத்தின் பின்பக்கம் விதிகள் அச்சிட்டிருந்தன. எந்தக் கட்டத்தையும் காலியாக விடலாகாது. தகவல் கிடைக்காவிடில் 'தெரியவில்லை' என்று எழுதுக. 'இல்லை' என்று எழுத விதியில் இடம் இல்லை. துரை யோசித்துவிட்டுத் 'தெரியவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அன்று நாங்கள் யாரும் அளந்து பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் மேலிடத்தின் பதில் வந்தது. லவாங் தலைவரின் பெயர் இதுநாள் வரையில் அறியப்படாமல் இருப்பதை மேலிடம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்திருக்கிறதாம். மேற்படி தலைவர் தம் பெயரை மறைப்பதற்கான காரணத்தை உடனடியாகக் கண்டறிந்து தெரிவிக்க வேண்டுமாம்.

லூ பே மறுபடியும் போனான். இந்தத் தடவை துரையின் உத்தரவுப்படி நாற்பத்து மூன்று வீட்டிலும் தனித்தனியாக, ஒருவர் காதில் மற்றவர் பேச்சு விழாதபடி விசாரித்தான். நாற்பத்து மூன்று வீட்டிலும் தலைவர் இல்லை என்றே சொன்னார்கள். சில வீடுகளில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள், ஒரு வீட்டில் உலக்கையைக் காட்டிச் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் துரை எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் நாட்டில் ஒரே வீட்டில் இரண்டு பேரை விசாரித்தால் இரண்டு பதில் வருமாம். இங்கே நாற்பத்து மூன்று வீட்டில் ஒரே பதில் வருகிறது. அப்படியானால் சொல்லிக்கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். தன் பெயரை ஊரில் ஒரு வாய்கூட உச்சரிக்காதபடி செய்யக்கூடியவன், சாதாரணத் தலைவனாக இருக்க முடியாது.

அன்று 'லவாங்கின் மறைமுகத் தலைவர்' என்ற கோப்பு பிறந்தது. என் கையாலேயே தலைப்பிட்டேன். பழைய தலைவரை விரட்டி முப்பது வருஷம் ஆகிறபடியால் வயது ஐம்பதுக்குக் குறையாது. ஆள் மிக எச்சரிக்கையானவர். எந்தக் கூட்டத்திலும் தென்படுவதில்லை. அவருடைய மாளிகை, மற்ற வீடுகளிலிருந்து எந்த விதத்திலும் பிரித்தறிய முடியாதபடி வெகு சாமர்த்தியமாகக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த மழைக்காலத்தில் ஓடையில் மூங்கில் பாலம் அடித்துக்கொண்டு போனது. கோப்பில் அதையும் சேர்த்தோம். அரசாங்கக் கழுதைகள் இரண்டு மேய்ச்சலில் காணாமல் போயின. சேர்த்தோம். கழுதைகள் பத்து நாள் கழித்துத் தாமாகவே திரும்பி வந்தன. தலைவர் மனம் மாறியிருக்கலாம் என்று எழுதினோம். மேலிடம் ஒவ்வொன்றையும் படித்து மகிழ்ந்தது. என் கையெழுத்து தெளிவாக இருப்பதாக ஓரத்தில் ஒரு குறிப்புகூட வந்தது. அதை வீட்டில் என் மனைவிக்குக் காட்டினேன்.

லூ பே மட்டும் ஒவ்வொரு தடவையும், அப்படி ஆள் கிடையாது துரை, என்று சொல்லிவந்தான். அவன் இப்படிப் பயப்படுவதே தலைவரின் செல்வாக்குக்குச் சான்று என்று அதையும் குறித்துக்கொண்டோம்.

சீனத்துப் பக்கத்திலும் ஓர் எல்லை அதிகாரி இருந்தார், அவருக்கும் ஓர் உளவுப் பிரிவு இருந்தது. எங்கள் பெட்டியின் பூட்டு விழாதது அவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கவேண்டும். வெள்ளைக்காரர்கள் இவ்வளவு காகிதம் செலவழிக்கும் ஒரு மகா தலைவரை நாம் முந்திக்கொண்டு நண்பராக்குவோம் என்று அவர் நீலப் பட்டில் நெய்த நீண்ட அங்கி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்த தூதன் லவாங்கை மூன்று தடவை சுற்றிவந்தான். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் ரோய் என்ற விதவையின் வீட்டில் கள் குடித்துவிட்டு, அங்கியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ரோய் அந்த ஊரிலேயே நல்ல கள் வடிப்பவள், வாயும் அதே அளவுக்குக் காரம். அங்கியைத் தானே போட்டுப் பார்த்தாள். தரையில் ஒரு முழம் புரண்டது. ஊரில் உயரமான ஆள் மரான் நோ. நாற்பத்தொரு வயது. எந்தப் பேச்சிலும் ஜெயித்ததில்லை. தோற்றுவிட்டால் முதலில் சிரிப்பவனும் அவன்தான். நீயாவது போட்டுக்கோ என்று அவனிடம் கொடுத்துவிட்டாள். நோ அதைப் போட்டுக்கொண்டு விறகு சுமந்தான், களை பிடுங்கினான், பன்றிக்குத் தவிடு கலக்கினான். ஊரே சிரித்தது.

லூ பே செய்த ஒரே தவறு, சிரிப்பான விஷயம் ஒன்றை அலுவலகத்தில் வந்து சொன்னதுதான்.

துரை சிரிக்கவில்லை. சீனத்துப் பட்டங்கி. உயரமான ஆள். களை பிடுங்குவது போன்ற பாவனை. பதினைந்தே நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது. மேற்படி தலைவர் இருபது நாளுக்குள் நம்போக்குக்கு நேரில் வந்து பணியவேண்டும். தவறினால் படை மேலே போய் வீடுகளையும் தானியக் குதிர்களையும் கொளுத்தும். உத்தரவை நான்தான் பிரதி எடுத்தேன். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

லூ பே உப்பு இல்லாமல் வெறும் கையோடு ஓடினான். லவாங்கில் இரண்டு பகல் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். இல்லாத ஆளை எப்படிக் கொண்டுபோய்க் காட்டுவது என்று சிலர் கேட்டார்கள். காட்டை நோக்கிப் போய்விடலாம் என்று சிலர் சொன்னார்கள். கதிர் முற்றி நிற்கிறது, அதை விட்டுவிட்டா என்று வேறு சிலர் கேட்டார்கள். லூ பேதான் வழி சொன்னான். நோவிடம் அங்கி இருக்கிறது. ஒரே ஒரு நாள் கீழே வந்து குனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடட்டும். துரைக்குக் கட்டம் நிரம்பும், ஊர் பிழைக்கும்.

நோ சிரித்தான். ஊரும் ஒப்புக்கொண்டது. ரோய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"வேஷம் போட ஆள் இருக்கு, சரி," என்றாள். "கழட்ட ஆள் வேணுமேடா லூ பே. நாளைக்கு இவன் கழட்டமாட்டேன்னா நீ வந்து கழட்டுவியா?"

"நோவைத் தெரியாதா அக்கா? கோழி அவனைத் துரத்தும்."

"கோழிக்கு அவன் யாருன்னு தெரியும். தொரைக்குத் தெரியாதே."

பதினெட்டாம் நாள் நோ அங்கியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். வாசலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்தி மரியாதை செய்ததும் இவன் பயந்து இரண்டடி பின்வாங்கினான். துரை மிகுந்த கண்ணியத்தோடு அவனை வரவேற்று, பழைய தலைவரை விரட்டியவர் தாங்கள்தானா என்று கேட்டார். லூ பே அதைக் கச்சின் மொழியில் கேட்டான்.

"நான் அப்ப பொடியன்," என்றான் நோ. "எல்லாரும் எறிஞ்சாங்கன்னு நானும் ஒரு கல்லு எறிஞ்சேன். அது எங்க மாமா முதுகுல பட்டுது."

"ஆமாங்க துரை, கல்லாலேயே," என்று லூ பே மொழிபெயர்த்தான்.

கோப்பில் ஐம்பதுக்கு மேல் என்றிருக்க, ஆள் நாற்பது போலத் தெரிந்ததைத் துரை கவனிக்காமல் இல்லை. வயதையும் மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டார். பிறகு பரிசுகள். வெள்ளிப் பிடி போட்ட வாள், இரட்டைக் குழல் துப்பாக்கி, மடக்கும் நாற்காலி ஒன்று. கடைசியாக முத்திரை வைத்த பத்திரம். அதை நான் உரக்கப் படிக்க, லூ பே வரிக்கு வரி சொன்னான். முப்பதாண்டுகளாக லவாங்கைத் தன் சுட்டுவிரலால் ஆண்டுவருபவரும், பெயர் சொன்னாலே நாற்பத்து மூன்று குடும்பங்களை நாவடங்கச் செய்பவரும், மதியூகமும் மன உறுதியும் வாய்ந்தவருமான மரான் நோ அவர்களை, லவாங்கின் பரம்பரைத் தலைவராக மாட்சிமை தங்கிய அரசாங்கம் இதனால் அங்கீகரிக்கிறது.

நோ சிரிக்கவில்லை. லூ பேயைப் பார்த்து, அதை இன்னொரு தரம் சொல்லு என்றான். சொன்னான். மறுபடி ஒரு தரம் கேட்டான்.

துரைக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்குப் புது மேசை வந்தது. லவாங்கில் முதல் மாதம் எல்லாம் வேடிக்கையாக இருந்ததாம். நாற்காலியை வீட்டு வாசலில் போட்டு, போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார்கள். ரோய் உட்கார்ந்து, எல்லோரும் வரி கொண்டாங்கடா என்று அதட்டினாளாம். நோவும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த மாதம் அலுவலகத்திலிருந்து உத்தரவுகள் போக ஆரம்பித்தன. சுமை தூக்க இருபது ஆள். பாதை வெட்ட முப்பது ஆள். எல்லாம் தலைவர் மரான் நோ அவர்களின் மேலான கவனத்துக்கு. ஊர் கூடிப் பேசியதில் பாதிப் பேர் முடியாது என்று எழுந்து கள் குடிக்கப் போனார்கள். வழக்கம்தான். ஆனால் அலுவலகம் ஊரைக் கேட்கவில்லை, தலைவரைக் கேட்டது. தலைவர் அடுத்த தடவை நம்போக்குக்கு வந்துவிட்டு எங்கள் சிப்பாய்கள் ஆறு பேரோடு ஊருக்குத் திரும்பினார். ஆட்கள் கிடைத்தார்கள். அது எவ்வளவு சுலபம் என்று நோவுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். அந்த வருஷக் கடைசியில் ஊரில் ஓர் எருமை வெட்டினார்கள். பின்னந்தொடை எங்கே என்று ஆளனுப்பிக் கேட்டார்.

லூ பே விஷயம் கேள்விப்பட்டு மேலே போனான். நோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவன் வழக்கம்போலப் பக்கத்தில் உட்காரப் போனான். நின்றே பேசு என்று நோவின் ஆள் ஒருவன் சொன்னான். இவன் நின்றபடியே, நோ, நாம பேசிக்கிட்டது ஒரே ஒரு நாளைக்கு, என்றான்.

"முப்பது வருஷமா ஆண்டவன்னு உன் தொரை எழுதிக் கொடுத்திருக்காரு," என்றார் நோ. "சர்க்கார் பொய் சொல்லுமா?"

"அது சும்மா எழுதினது."

"நீதானே வரி வரியா எனக்குச் சொன்னே? ரெண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ரெண்டு தரமும் அதேதான் சொன்னே."

லூ பே இறங்கி வந்து, நடந்ததை என்னிடம் வரி வரியாகச் சொன்னான். 

தொடையைத் தர மறுத்தவள் ரோய்தான். எருமை அவளுடையது. அவள் கள் பானைகளைச் சிப்பாய்கள் உடைத்தார்கள். அடுத்த விதைப்புக்கு முன்னால் அவளும் இன்னும் பத்து வீட்டாரும் அரிசியையும் பன்றிகளையும் கட்டிக்கொண்டு, இரண்டு மலை தாண்டிப் போய்ப் புதிதாகக் குடிசை போட்டார்கள். அந்த இடம் வரைபடத்தில் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. ஆகவே துரையின் கவனம் அங்கே திரும்பியது. புதிய தாள் எடுத்தோம். லூ பேயை அனுப்பினோம்.

அவன் திரும்பி வந்து அறிக்கை கொடுத்தான். வீடு பதினொன்று. தலைவர் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டான். ஒவ்வொரு வீட்டிலும் 'நான்தான்' என்றார்கள். ரோய் மட்டும் காரணமும் சொன்னாளாம்: "இல்லைன்னு சொன்னா ஒருத்தனைக் கொண்டுவந்து விட்டுடுறீங்க. அதான் இந்தத் தடவை எல்லாருமே தலைவரா இருந்துட்டோம். எழுதிக்கிட்டுப் போ."

துரை ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். பதினொரு வீட்டில் பதினொரு தலைவர்கள், அதுவும் சண்டையில்லாமல். இது எப்படி நடக்கும்? பதினொரு தலைவர்களையும் ஒருவருக்கொருவர் மோதாமல் கட்டி ஆளக்கூடிய ஒருவன் அவர்களுக்கு மேலே இருந்தால்தான் நடக்கும்.

"மேல யாரும் இல்லீங்க துரை," என்றான் லூ பே. "கீழயும் யாரும் இல்லைன்னு முதல் தடவையே சொன்னேன். அப்பவே எழுதியிருந்தா அந்த அம்மா பானை உடைஞ்சிருக்காது."

துரை அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். களைத்துப் போயிருக்கிறாய், நாலு நாள் ஓய்வெடு, பிறகு போய் அந்தப் பெரிய தலைவரைக் கண்டுபிடி என்று அன்போடு சொன்னார்.

போவதற்கு முன் லூ பே என் மேசைக்கு வந்தான். 

"அண்ணே, ஒரு தடவையாவது 'இல்லை'ன்னு எழுதிப் பார்த்திருக்கலாம் நீங்க."

விதியில் இடம் இல்லையேப்பா என்றேன். அவன் என் பேனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கழுதைக்காரன் சொன்னான், அங்கே பன்னிரண்டாவதாக ஒரு வீடு எழும்பியிருக்கிறது, லூ பே கூரை வேய்ந்து நெல் விதைத்திருக்கிறான் என்று. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. துரையின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவர் பழைய கோப்பைக் கொண்டுவரச் சொல்லி முதலிலிருந்து புரட்டினார். நாலு மொழி தெரிந்தவன். எல்லா ஊருக்கும் தடையின்றிப் போய்வந்தவன். தலைவரே கிடையாது என்று ஆரம்பத்திலிருந்து அடித்துச் சொன்னவன் அலுவலகத்தில் அவன் ஒருவனே. நோவைத் தலைவராக்க ஏற்பாடு செய்தவனும் அவனே.

"இத்தனை நாளா நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கான்," என்றார் துரை. அவர் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

பெயரைச் சொன்னார். எழுதினேன்.

மழை நின்றதும் படை கிளம்பும் என்று உத்தரவு வந்திருக்கிறது. சிப்பாய்களுக்கு எதிரித் தலைவனின் முகம் தெரியாது என்பதால், பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக ஒரு குறிப்பு தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நடுத்தர உயரம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. நடக்கும்போது வலது தோள் லேசாகச் சாயும், கூடை சுமந்ததனால். குறைவாகப் பேசுவான், யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே திரும்பிப் பார்ப்பான். எதையும் யாரிடமும் விசாரிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எங்கள் உளவுப் பிரிவு இதுவரை அனுப்பிய காகிதங்களிலேயே முழுக்க முழுக்க உண்மையானது அது ஒன்றுதான்.